பெயர் ஒன்று, எழுத்துப் பல

(ஆங்கிலச் செய்தி ஏடுகளில் அரபுப் பெயர்கள் குறித்து வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்க் கவிஞர் பலருடைய நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற அயல்நாட்டுக் கவிஞருள் ஒருவர் கலீல் ஜிப்ரான். லெபனான் மலைநாட்டில், பிஷர்ரி என்னும் ஊரில், 1883ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜுப்ரான் கலீல் ஜுப்ரான். முதலில் நிற்பது தம் பெயர். இடையில் நிற்பது தந்தை பெயர். இறுதியில் நிற்பது குடும்பப் பெயர். 1895இல் தாயுடன் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அச்சிறுவர் வந்து சேர்ந்தார். பள்ளியில் பெயரைப் பதிந்தபோது மூன்று சொல் இரண்டாகச் சுருங்கிற்று. இயற்பெயர் உதிர்ந்து, தந்தை பெயரே தம் பெயராய் நின்றது. அத்துடன் ‘கலீல்’ என்பதன் முதலில் ‘கே’ என்ற எழுத்துக்கு அடுத்து நிற்கவேண்டிய ‘எச்’ இடம் பெயர்ந்து, அடுத்த உயிரெழுத்துக்குப் பின்னே போய் அமர்ந்தது. அப்படி எழுத்து மாறிய பெயரோடுதான் 1923இல் ‘தீர்க்கதரிசி’ என்னும் அவருடைய புகழ்பெற்ற நூல் உலகை வலம் வந்தது. ஒரு கவிஞரின் பெயர் கடல் கடந்தபோது அதற்கு நேர்ந்தது இது. வேண்டுமென்றே எவரும் செய்த தீங்கன்று. கேட்ட காதும் எழுதிய கையும் ஒத்துழையாமையால் விளைந்தது.

கவிஞர் ஒருவர்க்கு நேர்ந்த இது, நாள்தோறும் செய்தித்தாளில் இடம்பெறும் அரபுப் பெயர் ஒவ்வொன்றுக்கும் நேர்ந்து வருகிறது. ஒரே மனிதர் ஓர் ஏட்டில் ஓர் எழுத்திலும், மற்றோர் ஏட்டில் வேறோர் எழுத்திலும் காட்சி தருகிறார். இதற்குக் காரணம் என்ன, இதனால் விளையும் கேடு என்ன, தமிழ் எழுதுவோர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் என்ன என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஒரு தலைவர், நூற்றுப் பன்னிரண்டு பெயர்

லிபியாவை 1969 முதல் 2011 வரை ஆண்ட முஅம்மர் கத்தாஃபியைக் காட்டிலும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இல்லை. நியூயார்க் டைம்ஸ் ஏடு அவர் பெயரைக் ‘கியூ’ என்னும் எழுத்தில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ‘கே’ என்னும் எழுத்தில் தொடங்கியது. ராய்ட்டர்ஸ் நிறுவனமும் பிபிசியும் ‘ஜி’ என்று தொடங்கி நடுவில் ‘டி’ என்னும் எழுத்தை இரட்டித்தன. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் ‘ஜி’ என்றே தொடங்கிற்று; ஆயினும் ‘டி’க்குப் பின் ‘எச்’ சேர்த்துக்கொண்டது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏபிசி செய்தி நிறுவனம், அவ்வொரு பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறைகள் எனப் பட்டியலிட்டவை 112.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் வாய்ப்பு ஒருமுறை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினர். மறுமொழி வந்தது. அதன் அடியில் அரபுக் கையொப்பத்துடன் ஆங்கில எழுத்திலும் அவர் பெயர் இருந்தது. ‘பெயருக்குரியவரே எழுதிய வடிவம் கிடைத்துவிட்டது’ என்று அசோசியேட்டட் பிரஸ் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் அவ்வடிவத்தை ஏற்றன. ஏனைய ஏடுகளோ தத்தம் பழைய வழக்கத்தை விடவில்லை. 2011இல் திரிப்போலி வீழ்ந்தபோது, அவர் குடும்பத்தாரது கடவுச்சீட்டு ஒன்று செய்தியாளர் கண்ணிற்பட்டது. அதில் இருந்த எழுத்தோ இவை எவற்றோடும் பொருந்தாமல் நின்றது. பெயருக்குரிய குடும்பமே ஒரு வடிவத்தில் நிலைகொள்ளாத போது, பிறரைக் குறைகூறி என்ன பயன் என்று சிலர் கேட்டனர். அக்கேள்விக்கு விடை காண, அரபு எழுத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

எழுத்தின் இயல்பு

அரபு நெடுங்கணக்கில் எழுத்து 28. அவை மெய்யொலிகளையும் நெடில் உயிரையும் காட்டும். குறில் உயிரைக் காட்டும் குறிகளும், மெய் இரட்டிப்பதைக் காட்டும் குறியும் திருமறையிலும் குழந்தைகளின் பாடநூலிலும் இடம்பெறுமே அன்றி, நாளேட்டிலும் கடிதத்திலும் இடம்பெறுவது அரிது. முஹம்மத் என்னும் பெயரை எழுதினால் தாளில் நிற்பன ‘ம, ஹ, ம, த’ எனும் நான்கு மெய்களே. இடையில் வரும் உயிர் எது, இரட்டிக்கும் மெய் எது என்பதைப் படிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்கிறார். அரபியருக்கு அது தொல்லையன்று. தமிழர் பழஞ்சுவடியில் புள்ளி இல்லாத எழுத்தைப் படித்தது போன்றதே. அயலவர் அவ்விடத்தைத் தம் காதிற்பட்ட ஒலியால் நிரப்பும்போதுதான் வேறுபாடு பிறக்கிறது. ‘உ’ என்று கேட்டவர் ஒரு வகையாகவும், ‘ஒ’ என்று கேட்டவர் மற்றொரு வகையாகவும் எழுதினர். மகரத்தை இரட்டித்தவரும் உளர், இரட்டியாதவரும் உளர். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்பெயரே ‘மமது’ எனவும், துருக்கியில் ‘மெஹ்மெத்’ எனவும் வழங்குகிறது.

அடுத்தது ஒலி வேறுபாடு. அரபியில் சகர இனத்தில் மெல்லியது ஒன்றும் கனத்தது ஒன்றும் உண்டு. தகரத்திலும் அவ்வாறே இரண்டு. ஹகரத்திலும் மிடற்றை நெருக்கிப் பிறப்பது ஒன்று, வெறும் மூச்சாய் வருவது ஒன்று. ககரத்தில் நாவின் அடியில் பிறப்பது ஒன்று, உள்நாக்கில் பிறப்பது மற்றொன்று. இவையன்றி ‘ஐன்’ எனப்படும் மிடற்றொலி ஒன்றும் உண்டு; அரபியரல்லாதார் காதுக்கு அஃது ஒலியாகவே படுவதில்லை. அலீ, உமர், இராக் என்னும் பெயர்களின் முதலில் நிற்பது அதுவே. ஆங்கிலத்தின் 26 எழுத்தில் இவற்றுக்குத் தனித்தனி இடமில்லை. ஆகவே இரண்டு ஒலி ஓரெழுத்தில் ஒடுங்குகின்றன.

ஒடுங்கினால் பொருள் மயங்கும். ‘அஸத்’ என்பது சிங்கம். சிரியாவை 1971 முதல் 2024 வரை ஆண்ட தந்தையும் மகனும் பூண்ட குடும்பப் பெயர் அது. சகரத்திற்கும் அடுத்த உயிருக்கும் இடையே ஐன் என்னும் ஒலி வருமாயின் அது ‘மிகுந்த நற்பேறு உடையவன்’ என்று பொருள்படும் வேறொரு பெயர். ஆங்கில ஏடுகளோ சிங்கத்தின் சகரத்தை இரட்டித்து எழுதின; ஐன் ஒலியை எழுதாமல் விட்டன. எனவே இரு பெயரும் ஒன்றையொன்று நெருங்கி வந்து நிற்கின்றன. எழுதியவர்க்கு அதில் வேறுபாடில்லை. பெயருக்குரியவர்க்கோ ஒன்று வனவிலங்கு, மற்றொன்று நல்லூழ்.

வட்டார வழக்கும் ஆண்டவர் வழக்கும்

எழுத்து ஒன்றாயினும் பேச்சு நாட்டுக்கு நாடு வேறு. இலக்கிய அரபியில் ஜகரமாய் ஒலிப்பது கெய்ரோவில் ஆங்கிலச் ‘ஜி’யின் வல்லொலியைப் பெறும். 1956 முதல் 1970 வரை எகிப்தின் குடியரசுத் தலைவராய் விளங்கியவர் பெயரின் முதற்சொல் ‘ஜமால்’ ஆகாமல் ‘கமால்’ என்பதுபோல் உலக ஏடுகளில் வந்தது இதனால்தான். 1988இல் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் நஜீப் மஹ்பூஸின் பெயர் ‘நகீப்’ எனப் படிக்கும் வகையில் அமைந்ததும் இதனாலேயே. லிபியாவிலும் வளைகுடாவிலும் உள்நாக்கில் பிறக்கவேண்டிய ககரம் அவ்வல்லொலியாக மாறும். கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் அதுவே மிடற்றில் தடையுற்று மறையும். லிபியத் தலைவரின் பெயர் ஓர் ஏட்டில் ‘கியூ’ என்றும் மற்றோர் ஏட்டில் ‘ஜி’ என்றும் தொடங்கியதன் காரணம் இப்போது புலப்படும். முன்னது நூல்வழக்கைப் பின்பற்றியது. பின்னது அவர் நாட்டார் வாய்வழக்கைப் பின்பற்றியது. இரண்டும் பிழையல்ல. இரண்டும் ஒரே நாளில், ஒரே செய்தியில் வருவதே குழப்பம்.

இதனோடு அயலாட்சியின் தடமும் கலந்தது. அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ ஆகியவை பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்தவை. அந்நாட்டுப் பெயர்கள் முதன்முதலில் உரோமன் எழுத்தில் ஏறியது பிரெஞ்சு அலுவலர் கையால். ஆங்கிலத்தில் ஓரெழுத்தால் எழுதும் உகரத்தைப் பிரெஞ்சு ‘ஓ-யு’ என ஈரெழுத்தால் எழுதும். ஷகரத்துக்கு ‘சி-எச்’ இடும். இரண்டு உயிருக்கு நடுவே தனிச் சகரம் நின்றால் அதைப் பிரெஞ்சு மொழி மெலிந்த ஒலியாய்ப் படிக்குமாதலால், சகரத்தை இரட்டித்து எழுதும். ஆகவே ‘ரஷீத்’ என்பவர் லண்டனில் ஒரு பெயரினர். அல்ஜியர்ஸில் மற்றொரு பெயரினர். 1992 முதல் 1996 வரை ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராக இருந்த புத்ருஸ் புத்ருஸ் காலி எகிப்தியரே ஆயினும், அவர் பெயரில் நின்றது பிரெஞ்சு உகரம். அப்பெயரின் மூலம் ‘பீட்டர்’ என்பதாகும். அரபியில் ஆங்கிலப் ‘பி’யின் வல்லொலி இன்மையால் அது மெலிந்தது, மெலிந்த அரபுப் பெயர் பிரெஞ்சு உடுத்தி ஆங்கில ஏட்டில் உலவிற்று. ஒரே பெயரில் எத்தனை மொழியின் கைரேகை!

அரபுப் புணர்ச்சி

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு உவகை தரும் செய்தி ஒன்று உண்டு. அரபியில் ‘அல்’ என்பது சுட்டு. அதன் லகரம் அடுத்து வரும் எழுத்தை நோக்கி மாறும். 28 எழுத்தில் சரிபாதியாகிய 14 எழுத்தின் முன் லகரம் அவ்வெழுத்தாகவே திரியும். எஞ்சிய 14இன் முன் திரியாது. ஞாயிற்றைக் குறிக்கும் ‘ஷம்ஸ்’ என்னும் சொல் ‘அல்’லொடு புணர்ந்தால் ‘அஷ்ஷம்ஸ்’ ஆகும். நிலவைக் குறிக்கும் ‘கமர்’ புணர்ந்தால் ‘அல்கமர்’ என்றே நிற்கும். எனவே முதல்வகையைக் கதிரவன் எழுத்து என்றும், இரண்டாம் வகையை நிலவெழுத்து என்றும் அரபு இலக்கணிகள் அழைத்தனர். பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆவதை அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்காது. வேறுபாடு ஒன்றே. தமிழர் திரிந்ததைத் திரிந்தபடி எழுதினர். அரபியர் லகரத்தை எழுத்தில் காத்து ஒலியில் மட்டும் திரித்தனர்.

ஆங்கிலத்தில் எழுதுவோர் இங்கே இரு கட்சியாயினர். ஒரு சாரார் எழுத்தைக் காத்தனர். மறுசாரார் ஒலியைக் காத்தனர். ‘அருளாளனின் அடியான்’ என்னும் பொருளுடைய ஒரே பெயர் அப்துல் ரஹ்மான், அப்துர் ரஹ்மான், அப்தெல் ரஹ்மான், அப்தெரஹ்மான் என நால்வகையாய் வழங்குவது இதனால்தான்.

இங்கே பொருட்பிழை ஒன்றும் நேர்கிறது. ‘அப்துல்’ என்பது முழுப்பெயரன்று. ‘இன்னாரின் அடியான்’ என்பதன் முற்பாதி. அதைத் தனிப்பெயராக ஏடுகள் எழுதும்போது தொடர் நடுவில் அறுபடுகிறது. எகிப்தியத் தலைவரின் பெயர் ‘உதவி புரிபவனின் அடியான்’ என்னும் பொருளது. ‘நாசர்’ என்று மட்டும் கூறினால் அடியான் போய் ஆண்டவனே எஞ்சுகிறான். தமிழில் ‘சிவனடியான்’ என்னும் பெயரை ‘அடியான்’ நீக்கி அழைப்பதற்கு ஒப்பானது இது.

தீர்வு தேடியோர்

இக்குழப்பம் அறிஞர் அறியாததன்று. 1935இல் உரோமில் கூடிய கீழைத்தேய ஆய்வாளர் மாநாட்டை ஒட்டி, செருமானிய அறிஞர்கள் ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்னும் முறையை வகுத்தனர். அதன் வழிவந்த தரமுறை செருமனியில் 1982இல் வெளியாயிற்று. பன்னாட்டுத் தர நிறுவனம் 1984இல் தனக்கென ஒன்று வகுத்தது. பிரித்தானிய, அமெரிக்க நிலப்பெயர்க் குழுக்கள் 1956இலேயே ஒன்றை ஏற்றிருந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்கும் தனி முறை உண்டு. குழப்பத்தை நீக்கும் முறைகளே பலவாகி, அவையும் ஒரு குழப்பமாயின. மேலும் அவை எழுத்தின் மேற்கோடு, கீழ்ப்புள்ளி ஆகியவற்றை வேண்டுவன. தந்தியிலும் தொலை அச்சிலும் செய்தி அனுப்பிய நிறுவனத்துக்குப் புள்ளியும் கோடும் பெருஞ்சுமை; படிப்பவர்க்கோ அவை பொருளற்ற கறை. ஆகவே அறிஞர் முறை நூலகத்தோடு நின்றது. ஏடுகள் தம் மனம்போன வழியில் சென்றன.

அரேபியப் பாலையில் போரிட்ட டி. இ. லாரன்ஸ் எழுதி 1927இல் வெளிவந்த நூலின் மெய்ப்புப் படிகளைப் படித்தவர், ஒரே ஊரும் ஒரே ஒட்டகமும் பக்கத்துக்குப் பக்கம் வேறெழுத்தில் வருவதைக் கண்டு பட்டியலிட்டுக் கேட்டார். லாரன்ஸ் எதையும் திருத்தவில்லை. அரபு மெய்கள் ஆங்கிலத்தில் அடங்கா, உயிர்களோ ஊருக்கு ஊர் மாறும் என்ற கருத்தில் மறுமொழி தந்து, ஒட்டகம் பற்றிய வினாவுக்கு அது நல்ல ஒட்டகம் என்று மட்டும் விடையளித்தார். அவ்விடை இன்றும் நகைப்புடன் நினைக்கப்படுகிறது. ஒட்டகம் குறித்து நகைக்கலாம். மனிதர் பெயர் மாறும்போது நகைப்பு நின்றுவிடுகிறது.

எழுத்து மாறினால் ஆள் மாறும்

கணிப்பொறியின் காலத்தில் பெயர் என்பது மனிதருக்கு முன்னே சென்று வாயிற்கதவைத் தட்டும் தூதுவன். ஒலியொத்த பெயர்களைக் கண்டறியச் ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஏனைய மெய்களை எண்ணாக்குவது அம்முறை. ஆங்கிலப் பெயர்க்கு அது ஏற்றது. லிபியத் தலைவரின் பெயரை அதனிடம் தந்தாலோ, முதலெழுத்து ‘கியூ’ ஆயின் ஒருவர், ‘ஜி’ ஆயின் மற்றொருவர், ‘கே’ ஆயின் வேறொருவர் என மூவரைக் காட்டும். பின்வரும் எண் மூவர்க்கும் ஒன்றே, தலையெழுத்துத்தான் வேறு.

2009ஆம் ஆண்டு நவம்பரில் நைஜீரியாவில் ஒரு தந்தை அமெரிக்கத் தூதரகத்தை நாடித் தம் மகன் தீவிரவாதியருடன் சேர்ந்துவிட்டதாக அஞ்சுவதாகக் கூறினார். மகனின் பெயர் உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லப். அச்செய்தி தலைநகருக்குச் சென்றபோது பெயரில் ஓரெழுத்துப் பிழைபட்டது. பிழைபட்ட எழுத்தில் தேடியதால், அவரிடம் அமெரிக்கா செல்லும் நுழைவிசைவு இருந்த உண்மை அப்போது வெளிப்படவில்லை. டிசம்பர் 25ஆம் நாள் ஏறத்தாழ 290 பேருடன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராயிட் நகருக்குப் பறந்த விமானத்தில் அவர் வெடிபொருளைப் பற்றவைத்தார். அது முறையாக வெடியாமையால் அத்தனை உயிரும் தப்பின. அவ்வாண்டின் பிழைகளுள் எழுத்துப் பிழை ஒன்றே காரணமன்று; ஆயினும் அதுவும் ஒன்று.

இதற்கு நேர்மாறான கொடுமையும் நிகழ்ந்தது. ‘மஸ்ரீ’ என்பது எகிப்தியர் என்று பொருள்படும். அரபு நாடுகளில் பரவலான குடும்பப் பெயர். ‘காலித்’ என்பதும் அவ்வாறே பரவலானது. செருமனியில் குடியுரிமை பெற்ற, லெபனான் வழிவந்த காலித் எல் மஸ்ரீ என்பவர் 2003ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் பேருந்தில் சென்றபோது மாசிடோனியா எல்லையில் இறக்கப்பட்டார். தேடப்பட்ட வேறொருவரின் பெயரும் அவர் பெயரும் ஒத்திருந்தமையே அவர் மீது ஐயம் எழக் காரணமாயிற்று. தலைநகர் ஸ்கோப்யேயின் உணவுவிடுதி அறையில் 23 நாள் அடைக்கப்பட்டார். பின்னர் அமெரிக்க உளவுத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2004 மே மாத இறுதியில் அல்பேனியச் சாலையோரத்தில் அவரை விட்டுச் சென்றனர். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மாசிடோனியாவின் மீது குற்றம் கண்டு, 60,000 யூரோ இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. போன மாதங்களை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது.

முதல் நிகழ்ச்சியில் ஒருவர் எழுத்தால் தம் பெயரிலிருந்து நழுவினார். இரண்டாவதில் ஒருவர் வேறொருவரின் பெயருக்குள் தள்ளப்பட்டார். அரபு எழுத்தில் தனித்தனியே நிற்கும் பெயர்கள் உரோமன் எழுத்தில் ஒன்றாவதும், ஒன்றாய் நிற்கும் பெயர் பலவாவதும் ஏட்டோடு முடிவதில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இக்குழப்பம் பழங்கதையும் ஆகிவிடவில்லை. 2024 டிசம்பரில் சிரியாவில் ஆட்சி மாறியபோது முன்னணிக்கு வந்த அஹ்மத் அஷ்ஷரஉ என்பவரின் பெயரை ஏடுகள் இறுதியில் ஓர் அகரம் இட்டும், இரண்டு இட்டும், நடுவே மேற்புள்ளி இட்டும் எழுதின. அதுவரை அவர் பூண்டிருந்த புனைபெயரோ சிலவற்றில் ‘ஜி’யிலும் சிலவற்றில் ‘ஜே’யிலும் தொடங்கிற்று. அப்பெயர் ஜவ்லான் குன்றைச் சுட்டுவது. ஆங்கிலத்தில் அக்குன்றுக்குக் கோலான் என்பது பழக்கம். எந்த எழுத்தை இடுவது என்னும் வினாவுக்குள் மண்ணை எவர் வாயால் அழைப்பது என்னும் வினாவும் மறைந்து கிடக்கிறது. சவூதி அரசு 1980களில் தன் புனித நகரின் பெயரை ஆங்கிலத்தில் ‘மக்கா’ என ஒலிக்குமாறு எழுதவேண்டும் என்று முனைந்ததும் இத்தகைய உணர்வால்தான்.

தமிழ் ஏடுகளின் இரட்டைப் படகு

தமிழ் ஏடுகளுக்கு அரபுச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வருகிறது. ஒரு படகில் ஏறிய பெயர் நடுவழியில் மறுபடகுக்கு மாறுகிறது. முதற்படகில் இழந்தது போக எஞ்சியதைத் தமிழ் பெறுகிறது.

லாதின் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் கண்டவர், ‘சுமை ஏற்றப்பட்ட’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போல் படித்தனர்; தமிழில் ‘லேடன்’ பிறந்தார். கத்தாஃபியின் தகரம் ஆங்கில ‘டி’யாகி, தமிழில் டகரமாகிக் ‘கடாபி’ ஆயிற்று. அரஃபாத் என்னும் பெயரில் நெடில் இறுதியில் உண்டு. தமிழில் அது முன்னே தாவி ‘அராபத்’ ஆயிற்று. தமிழில் தகரமும் டகரமும் வேறு. குறிலும் நெடிலும் வேறு. ஒற்று இரட்டிப்பதும் எழுத்தில் தெளிவு. இம்மூன்றிலும் ஆங்கிலத்தைவிட அரபுக்கு அணுக்கமாய் நிற்க வல்லது தமிழ். அப்படியிருந்தும் ஆங்கிலத்தின் குறைபாட்டைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்? ஈழத்தில் ‘கட்டார்’, தமிழகத்தில் ‘கத்தார்’. ஈழத்தில் ‘டுபாய்’, தமிழகத்தில் ‘துபாய்’ என்று ஒரே மொழிக்குள் இரு வழக்கு நிலைத்ததற்கும் இவ்விரட்டைப் படகே காரணம்.

‘காயிதே மில்லத்’ எனத் தமிழகம் போற்றிய முகம்மது இஸ்மாயில் (1896-1972) அவர்களின் சிறப்புப் பெயரில் உள்ள ‘காயித்’ என்பது தலைவரைக் குறிக்கும் சொல். ‘அல் காயிதா’ என்னும் அமைப்பின் பெயரில் உள்ளது அடித்தளத்தைக் குறிக்கும் சொல்; அதில் ஐன் ஒலி உண்டு. வேர்கள் வேறு, பொருள் வேறு. உரோமன் எழுத்தில் இரண்டும் உடன்பிறப்புப் போல் தோன்றும். எழுத்து மயக்கத்தால் ஒரு நற்பெயரின் மீது வேண்டாத நிழல் விழ இடம் கொடுத்தல் தகாது.

ஆங்கிலப் படகு வருமுன் தமிழர் அரபுப் பெயரை நேரே வரவேற்றனர். வடசொல் தமிழில் வரும்போது தன் எழுத்தை நீத்துத் தமிழெழுத்தை ஏற்கவேண்டும் என்று தொல்காப்பியம் வகுத்த நெறியை அரபுக்கும் விரித்துக்கொண்டனர். வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல் ‘சீறா’ ஆயிற்று. அக்காப்பியம் பாடிய புலவர் பெயரில் உமர் ‘உமறு’ ஆனார். சீறாப்புராணம் என்னும் நூற்பெயரும் உமறுப்புலவர் என்னும் ஆசிரியர் பெயருமே அந்நெறிக்குச் சான்று. மறுதிசையிலும் பாலம் அமைந்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த இசுலாமியத் தமிழர், அரபியில் இல்லாத தமிழொலிகளுக்கு அரபு எழுத்தின் மீது புள்ளி கூட்டிப் புதிய எழுத்து வகுத்து, அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினர். இல்லாத ஒலிக்கு எழுத்துப் படைத்த முன்னோரின் வழிவந்தோர், இருக்கும் எழுத்தைப் பயன்படுத்தத் தயங்குதல் பொருந்தாது.

கொள்ளத்தக்கன

ஒரே முறையை உலகம் முழுதும் ஏற்கும் நாள் வருமென்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. அரபு நாளேடுகளே ‘கூகுள்’ என்னும் நிறுவனப் பெயரை எழுதும்போது, எகிப்தில் ஓரெழுத்தும், சிரியா, லெபனான் பகுதிகளில் ஓரெழுத்தும், வளைகுடாவில் ஓரெழுத்தும் இடுகின்றன. தங்கள் மொழியில் இல்லாத ஒலியை ஏற்கும்போது எம்மொழியும் தடுமாறும். இயலக்கூடியவை மூன்று.

ஒன்று, பெயருக்குரியவர் தம் பெயருக்கு ஒரு வடிவம் தேர்ந்திருப்பின் அதை மதித்தல். பிழையென அறிஞர் கூறினும், பெயர் அவருடையது. இரண்டு, ஓர் ஏடும் ஒரு நூலும் தனக்குள் மாறாதிருத்தல். மூன்று, நூலகத்தார் பின்பற்றும் வழி. அவர்கள் ஒருவருக்கு ஒரு தலைப்பைத் தேர்ந்து, வழங்கும் பிற வடிவம் அனைத்தையும் அதன்கீழ்க் கட்டிவைக்கின்றனர். வேறுபாட்டை அழிக்காமல் முடிச்சிட்டு வைப்பது அவ்வழி. எந்த எழுத்தில் தேடி வந்தாலும் வந்தவர் உரியவரிடமே சேர்வர்.

தமிழுக்கு நான்காவது ஒன்றும் உண்டு. அரபுப் பெயரை எழுதுமுன் அரபு அறிந்த ஒருவரிடம் ஒருமுறை ஒலித்துக் காட்டச் சொல்லிக் கேட்டல். ஓதத் தெரிந்தோர் தமிழ்நாட்டின் ஊர்தோறும் உளர். மொழிபெயர்க்கும் கவிஞர்க்கு அவர் தொலைவிலும் இல்லை. மஹ்மூத் தர்வீஷையும் நிஸார் கப்பானியையும் தமிழில் தருவோர், கவிதையை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க நேரினும், பெயரையாவது மூலத்திலிருந்து பெறலாம். கவிதையின் எல்லாச் சொல்லும் மொழிபெயர்ப்பில் மாறும். மாறாமல் வந்து சேரக்கூடியது கவிஞரின் பெயர் ஒன்றே.

பாஸ்டன் பள்ளியில் எழுத்து இடம் மாறிய அச்சிறுவர், 1931இல் நியூயார்க்கில் கவிஞராக மறைந்தார். அவ்வாண்டிலேயே அவர் உடல் கடல் கடந்து பிஷர்ரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. உலகம் அவரைப் பாஸ்டன் தந்த எழுத்தில் அறியும். அவர் பிறந்த மொழியிலோ இன்றும் அவர் ஜுப்ரான் கலீல் ஜுப்ரான், ஓரெழுத்தும் குறையவில்லை.